யாருக்கு முதல் பற்று

எனக்குப் பொறாமைக் குணம் உண்டு. எதிர்க் கடைக்காரர் புதிதாக ஓர் இஸ்திரிப் பெட்டி வாங்கினாலே அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. அந்த மாதிரிப் பொறாமைகள் சாயங்காலம் வந்து காலையில் போய்விடும். நின்று எரிகிற பொறாமை ஒன்றே ஒன்றுதான், அது என் கணவரின் முதல் மனைவி மேல்.

அவள் ஆயுர்வேத டாக்டர். நான் சலவைக் கடைக்காரி. கீழே கடை, மேலே வீடு. கீழே நான்கு வாஷிங் மெஷின், ஒரு டிரையர், இரண்டு இஸ்திரி மேசை, ஓட்டல்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும் படுக்கை விரிப்புகள். மேலே ஒரு கூடம், ஓர் அறை, இரண்டு பேர் நின்றால் மூன்றாவது ஆள் மூச்சுவிட முடியாத சமையலறை. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கத் தெரிந்த மனுஷன், இரண்டு பெண்களுக்கு நடுவில் மாட்டினால் மட்டும் இரண்டு மாடிகளுக்கு நடுவில் நின்றுவிடுவார்.

அவள் மேல்படிப்புக்கென்று வேறு ஊருக்குப் போனாள். படிப்பு முடிந்தது, அவள் திரும்பி வரவில்லை. பாத்திரம் பண்டம் வீசிக்கொள்ளாமல் மரியாதையாகப் பிரிந்தார்கள் என்று கேள்வி. அப்பாவோடு நின்றுகொண்ட பிள்ளைக்கு அப்போது மூன்று வயது. அடுத்த வருஷம் நான் வந்தேன். இப்போது பிள்ளைக்கு எட்டு. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பேர், வீட்டில் மிளகு. நான் வைத்த பேர். ஆள் சின்னது, நிறம் கறுப்பு, சீண்டினால் கண்ணில் நீர் வரவைத்துவிடும். என்னைச் சித்தி என்று கூப்பிடுவாள். அந்தச் சித்தியில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை, அவள் அம்மா போன் பண்ணாத நாட்களில்.

பெரிய லீவு விட்ட மறுநாள் அந்த அம்மா போன் பண்ணினாள். இப்போது அவளுக்குச் சொந்தமாக ஒரு கிளினிக் இருக்கிறதாம், வாடகைக்கு நல்ல வீடும் கிடைத்துவிட்டதாம். "பள்ளிக்கூடம் தொறக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை நான் வர்றேன். எல்லாரும் உக்காந்து பிள்ளையையே கேப்போம். யாரும் இழுக்க வேணாம். அவளுக்கு எங்க இருக்க இஷ்டமோ அங்க இருக்கட்டும்" என்றாளாம். இவரும் சரி என்று சொல்லிவிட்டார்.

"சரின்னு ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"நியாயமாத்தானே பேசறா?"

நியாயமாகப் பேசுகிறவர்களிடம்தான் எனக்குப் பயம். சண்டைக்கு வந்தால் எனக்கு வாய் இருக்கிறது. நியாயத்துக்கு நான் எங்கே போவேன்? அன்றிலிருந்து அந்த ஞாயிற்றுக்கிழமை என் நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. பிள்ளை போய்விடுவாளா, இருப்பாளா? எந்த வேலை செய்தாலும் அதே கேள்விதான் மெஷினுக்குள் துணி சுற்றுகிற மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாக, லீவின் முதல் வாரத்திலேயே பிள்ளைக்கு நோய் வந்தது. பல் தேய்த்துக்கொண்டிருந்தவள், "சித்தி, காதுக்குக் கீழ வலிக்குது" என்றாள். மிட்டாய் தின்ற வலி என்று நான் அதட்டிவிட்டேன். மத்தியானத்துக்குள் உடம்பு கொதித்தது, இடது கன்னம் கழுத்தோடு ஒன்றாகிவிட்டது. ஆஸ்பத்திரி டாக்டர் இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்.

"பொன்னுக்கு வீங்கிதான். இதுக்குன்னு தனி மருந்து கெடையாது. காய்ச்சலுக்குத் தர்றேன். நெறைய தண்ணி குடிக்கட்டும், படுத்திருக்கட்டும், மத்த பிள்ளைங்களோட சேர விடாதீங்க. தலைவலியோ வாந்தியோ அதிகமானா உடனே தூக்கிட்டு வாங்க."

வீட்டுக்கு வந்ததும் இவர் போனை எடுத்தார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை. பெற்றவளுக்குச் சொல்லாமல் இருக்க முடியுமா என்று அவர் முகமே சொன்னது. பெற்றவள் மறுநாள் காலையே வந்து நின்றாள், கையில் இரண்டு பைகள். துணிப்பையைப் பக்கத்துத் தெருவில் இருக்கிற சிநேகிதி வீட்டில் வைக்கப் போகிறாளாம், மருந்துப்பை மட்டும் எங்கள் வீட்டுக்கு.

வாசலிலேயே நின்று கேட்டாள், "இது யார் யாருக்கு முன்னாடி வந்திருக்கு?"

"எனக்குப் பத்து வயசுல வந்துச்சு. ரெண்டு பக்கமும்" என்றார் இவர், பரீட்சையில் பாஸாகிவிட்ட மாதிரி.

அவள் என் பக்கம் திரும்பினாள். "உங்களுக்கு?"

எனக்கு வந்ததில்லை. என் தம்பிக்கு வந்தபோது என்னை அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அழுதுகொண்டே போனது நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"வரலைன்னா சொல்லிடுங்க. பெரியவங்களுக்கு வந்தா ரொம்பப் படுத்திடும். நீங்க அறைக்குள்ளயே வர வேணாம், நான் பாத்துக்கறேன்."

கடைசி வார்த்தை இருக்கிறதே, அதுதான் என்னைக் கிளப்பியது. என் வீட்டில், என் அறையில், நான் வாங்கிய போர்வைக்குள் படுத்திருக்கிற பிள்ளையை இவள் பார்த்துக்கொள்வாளாம், நான் கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொள்ள வேண்டுமாம்.

"வந்திருக்கு. ஏழு வயசுல" என்றேன்.

"எந்தப் பக்கம்?"

"ரெண்டு பக்கமும்." சொல்வது என்று ஆன பிறகு அதில் என்ன கஞ்சத்தனம்?

அதோடு விட்டேனா? கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு வந்திருக்கா? அதையும் சொல்லிட்டு உள்ள போங்க" என்றேன்.

அவள் குனிந்து செருப்பு வாரைக் கழற்றிக்கொண்டே, "வந்திருக்கு, வந்திருக்கு" என்றாள். கையை எடுத்தேன். உள்ளே போனாள்.

அப்புறம் ஆரம்பித்தது அவளுடைய வைத்தியம். சுக்கைக் கல்லில் வெந்நீர் விட்டு இழைப்பாள். மஞ்சளைக் குழைத்து அதோடு சேர்ப்பாள். சின்னக் கரண்டியில் லேசாகச் சூடு காட்டுவாள். தன் மணிக்கட்டின் உள்பக்கம் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, காதுக்குப் பின்னாலிருந்து தாடை விளிம்பு வரை பற்றுப் போடுவாள். "பிள்ளைத் தோலுக்குச் சுக்கு கொஞ்சமாத்தான் இருக்கணும், இல்லன்னா எரியும்" என்று அவளாகவே சொல்லிக்கொள்வாள். பற்று காய்ந்து வெடிப்பதற்கு முன்னால் ஈரத்துணியால் துடைத்து, ஒரு துளி எண்ணெய் தடவுவாள். இடையில் உப்பை வறுத்துத் துணியில் முடிந்து ஒத்தடம். திரிபலா போட்டுக் கொதித்து ஆறிய தண்ணீரில் வாய் கொப்பளிப்பு. குழையக் குழைய வெந்த கஞ்சி, அதையும் ஸ்பூனால்.

வைத்தியத்தில் நான் குறை சொல்லவில்லை. பிள்ளை உட்கார்ந்திருந்த விதத்தைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. என்னிடம் தலை வாரிக்கொள்வதற்குள் மூன்று யுத்தம் நடத்துகிறவள், அவளிடம் கண்ணை மூடி, மோவாயைத் தூக்கி, பொம்மை மாதிரி உட்கார்ந்திருந்தாள். ஒருநாள் காலையில் அவள் வருவதற்கு முன்னால் நானே இழைத்து எடுத்துக்கொண்டு போனேன். அளவெல்லாம் சரியாகத்தான் போட்டேன். தொட்டதுமே பிள்ளை தோளைக் குறுக்கிக்கொண்டாள்.

"சித்தி, உங்க கை சொரசொரங்குது. அம்மா வரட்டும்."

என் கை சொரசொரப்புதான். வருஷக்கணக்காகச் சோப்புத்தூளிலும் பிளீச்சிலும் ஊறிய கை வேறு எப்படி இருக்கும்? இந்தக் கை வெளுத்துத்தான் அவளுடைய யூனிஃபார்ம் வகுப்பிலேயே பளிச்சென்று இருக்கிறது. அதைச் சொல்லலாமென்று வாயெடுத்தேன். நோய்ப்பிள்ளையிடம் என்ன வழக்கு என்று கிண்ணத்தை மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

அன்றைக்கே இன்னொன்றும் நடந்தது. நான் சமையலறையில் இருந்தேன். அறையிலிருந்து அவள் குரல் கேட்டது: "மிளகு, வாயைத் தொற பார்ப்போம்."

கரண்டியோடு போய் நின்றேன். "அந்தப் பேரு நான் வச்சது."

"அப்படியா? ரொம்பப் பொருத்தமான பேரு. அதான் எனக்கும் ஒட்டிக்கிச்சு" என்று சிரித்தாள்.

திட்டியிருந்தால் நாலு திட்டு திருப்பிக் கொடுத்திருப்பேன். பாராட்டினால் என்ன செய்வது? கரண்டியைப் பார்த்தேன், அதில் ஒன்றும் இல்லை. திரும்பி வந்துவிட்டேன்.

அவளுடைய மஞ்சள் என் வீடு முழுக்கப் பரவியது. தலையணை உறை, போர்வை ஓரம், பிள்ளையின் சட்டைக் காலர், கதவுப் பிடி. சாயங்காலம் அவள் சிநேகிதி வீட்டுக்குப் போனதும் உறையையெல்லாம் கழற்றிக் கீழே கொண்டுபோவேன். மஞ்சள் கறையின் மேல் சோப்புப் பட்டால் செக்கச்செவேலென்று சிவக்கும், எங்கள் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்தும் போட்டுத் தேய்த்தேன். அது சிவந்து என்னை முறைத்தது, நானும் முறைத்தேன். கடைசியில் வெயிலில் காயப்போட்டால்தான் அது இறங்கும். ஒரு மனுஷியை வெளுக்க முடியாததால் அவளுடைய கறையை வெளுத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

இவரிடம் சொன்னேன், "பிள்ளை அவகிட்டயே ஒட்டிக்கிச்சு."

"நோயில இருக்கற பிள்ளை, அப்படித்தான் இருக்கும்."

"அப்ப நான் யாரு?"

"நீ நீதான்" என்றார். அதற்கு மேல் லிஃப்ட் நகரவில்லை.

வலது பக்கமும் வீங்கியபோது பிள்ளை கஞ்சியையும் ஒதுக்கினாள். இளைத்துப்போன உடம்பின் மேல் முகம் மட்டும் பெரிதாக இருந்தது. "புளிப்பு மட்டும் ஒண்ணும் குடுத்துடாதீங்க" என்று அந்த அம்மா முதல் நாளே சொல்லியிருந்தாள். காதில் விழுந்தது. வைத்தியர்கள் என்றால் பத்தியம் சொல்லத்தான் செய்வார்கள், அது வேண்டாம் இது வேண்டாம் என்று சொல்லாவிட்டால் யார் மதிப்பார்கள் என்று நினைத்தேன். மிளகுக்கு ஆரஞ்சுச் சாறு என்றால் உயிர். ஒரு மடக்கு குடித்து, "சித்தி, நல்லா இருக்கு" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தால் போதும் எனக்கு. அந்த அம்மா சாப்பிடப் போன நேரம் பார்த்து நல்ல பழமாகப் பிழிந்து, சர்க்கரை போட்டு, பிள்ளைக்குப் பிடித்த நீல டம்ளரில் கொண்டுபோனேன்.

பிள்ளையும் ஆசையாகத்தான் வாங்கினாள். ஒரு மடக்குதான். அடுத்த நொடி இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டு அலறினாள். டம்ளர் உருண்டது. அந்த நேரம் பார்த்து அவள் மாடிப்படி ஏறி வந்தாள். பிள்ளை என்னைத் தள்ளிவிட்டு அவள் மேல் போய் விழுந்தது.

"சித்தி வேணும்னே குடுத்தாங்க!"

"இல்லம்மா. புளிப்புப் பட்டா எச்சில் ஊறும். எச்சில் ஊறற எடம்தான் வீங்கியிருக்கு, அதான் சுருக்குன்னு இழுக்குது. அவங்களுக்குத் தெரியாது. ஆசையாத்தான் குடுத்தாங்க."

எனக்காக அவள் பரிந்து பேசினாள். அதுவும் என் பிள்ளையிடமே. கீழே போனேன். ஓர் ஓட்டலிலிருந்து வந்திருந்த மேசை விரிப்புகள் குவிந்து கிடந்தன, அத்தனைக்கும் நானே இஸ்திரி போட்டேன். ஒன்றில்கூட ஒரு சுருக்கம் இல்லை. அவ்வளவு ஆத்திரம்.

பிறகு வீக்கம் வடிந்தது. பிள்ளை எழுந்து நடந்தாள், பசிக்கிறது என்றாள். அந்த அம்மா கிளினிக்கைப் பார்க்க ஊருக்குக் கிளம்பினாள். வாசலில் பிள்ளையை முத்தமிட்டு, "ஞாயித்துக்கிழமை வர்றேன், அன்னைக்கு நெறையப் பேசலாம்" என்றாள். எனக்கும் சேர்த்துத்தான் சொன்னாள் என்று எனக்குத் தெரியும்.

அதன் பிறகு என் பிரச்சாரம் தொடங்கியது. பிள்ளையைக் கீழே கூட்டிக்கொண்டு போனேன். இதுவரை தொடவே விடாத மெஷின் பொத்தான்களை அவளே அழுத்தலாம் என்றேன். நுரையில் விளையாட விட்டேன். டிரையரிலிருந்து எடுத்த சூடான துண்டால் சுற்றித் தூக்கினேன், அவளுக்குக் கூச்சத்தில் சிரிப்பு வரும். கேள்வியை மட்டும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே. அவள் போகிற போக்கில் ஏதாவது சொல்லுவாள், எனக்குத் தூக்கம் போகும்.

"அம்மா வீட்ல மொட்டைமாடி இருக்காம்."

"நமக்கும்தான் இருக்கு."

"அது ஹவுஸ் ஓனருது. சாவி அவருகிட்டதான் இருக்கு."

இருந்தாலும் நம்பிக்கை வந்தது. அந்த வாரக் கடைசியில் ஒருநாள் அவளாகவே வந்து என் தோளில் சாய்ந்து, "சித்தி, நம்ம கடை வாசனை எனக்குப் பிடிக்கும்" என்றாள். நம்ம கடை. அன்றைக்கு எதிர்க் கடைக்காரருக்குக்கூட நான் சிரித்துக்கொண்டே வணக்கம் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை எனக்குத் தாடை வலித்தது. பல் என்றேன். சனிக்கிழமை காலையில் கண்ணாடியில் பார்த்தபோது, வலது பக்கம் முகத்தைக் காணோம், ஒரு பன் இருந்தது. காய்ச்சல் வேறு. இவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து என்னையே பார்த்தார்.

"உனக்குத்தான் ஏழு வயசுல வந்துடுச்சே?"

"மறுபடியும் வந்திருக்கு."

"ஒரு தடவை வந்தா மறுபடி சாமானியமா வராதுன்னு டாக்டர் சொன்னாரே."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம். முகத்திலேயே காய்த்துவிட்டால் எங்கே மறைப்பது?

"பொய் சொன்னியா? எதுக்கும்மா?"

"எதுக்குன்னு தெரியலையா உங்களுக்கு?" என்றேன் பல்லைக் கடித்துக்கொண்டே. கோபத்தில் கடிக்கவில்லை, பல்லைப் பிரிக்க முடியவில்லை. அவர் என் தலையைத் தடவினார். தெரிந்திருக்கிறது மனுஷனுக்கு.

"நாளைக்கு அவளை வர வேணாம்னு சொல்லுங்க" என்றேன். நோய் தொற்றும் என்பது ஒரு காரணம். இந்த மூஞ்சியை அவள் பார்க்கக் கூடாது என்பதுதான் பெரிய காரணம். பிள்ளையை நடுவில் உட்காரவைத்துக் கேட்கிற நாளில், ஒரு பக்கம் பளிச்சென்று அவள், இன்னொரு பக்கம் பூசணிக்காயாக நான் என்றால் எந்தப் பிள்ளை இந்தப் பக்கம் வரும்? இவர் போன் போட்டுப் போட்டுப் பார்த்தார். எடுக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வெயில் ஏறிய பிறகு வந்தாள். கண் மட்டும் தெரியத் துப்பட்டாவைச் சுற்றியிருந்தாள். மிளகு ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். அவள் துப்பட்டாவை அவிழ்த்தாள். இடது கன்னம் கழுத்தோடு ஒன்றாக இருந்தது.

முதலில் பிள்ளைதான் வாயைத் திறந்தது. "ஐய்! அம்மாவுக்கும் பொன்னுக்கு வீங்கி!"

அறைக் கதவைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தேன். அவள் என் வலது கன்னத்தைப் பார்த்தாள், நான் அவள் இடது கன்னத்தைப் பார்த்தேன்.

"ரெண்டு நாளா உடம்பு முடியல, போனைக்கூட எடுக்காமப் படுத்திருந்தேன். காலையில கெளம்பறப்ப லேசா வலிச்சுது, பல்லுன்னு நெனச்சேன். வழியிலதான் வீங்கிச்சு. அப்பவே சுத்தி மூடிக்கிட்டேன்" என்றாள்.

"டாக்டருக்கே பல்லா?"

"உங்களுக்கு ஏழு வயசுல ரெண்டு பக்கமும்னு சொன்னீங்களே?"

"நீங்க வந்திருக்கு, வந்திருக்குன்னு ரெண்டு தடவை சொன்னீங்களே?"

அவள் கீழே பார்த்தாள். "வாசலை மறிச்சுக்கிட்டு, சொல்லிட்டு உள்ள போங்கன்னீங்க. வரலைன்னா என்னை வாசல்லயே நிக்க வச்சிருப்பீங்க."

நிச்சயமாக நிற்க வைத்திருப்பேன். அதுவும் சந்தோஷமாக. படித்த டாக்டர், தெரிந்தே இந்தக் காரியம் செய்திருக்கிறாள். கெடுவான் கேடு நினைப்பான் என்பார்கள், அந்த நாளில் கேடு நினைத்தது நான், கெட்டது இரண்டு பேரும். இவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்று தோள் குலுங்கச் சிரித்தார். நாங்கள் இரண்டு பேரும் சிரிக்கக் கூடாது, சிரித்தால் உயிர் போகும்.

இந்த நிலையில் அவள் திரும்பிப் போகவும் முடியாது. பஸ்ஸில் எத்தனை பிள்ளைகள் இருக்குமோ. சிநேகிதி வீட்டில் கைக்குழந்தை. கூடத்துக்குக் கடைப்பையன்களும் வாடிக்கைக்காரர்களும் கணக்குப் பார்க்க வந்து போவார்கள். எங்கள் வீட்டில் இருப்பதோ ஒரே ஓர் அறை. ஆகவே, எந்த அறைக்குள் நான் இவளை விடக் கூடாது என்று நினைத்தேனோ அதே அறையில் நான் கட்டிலிலும் அவள் தரையில் மெத்தையிலுமாகப் படுத்தோம். கட்டிலை நீங்க எடுத்துக்குங்க என்றேன், வேணாம் என்றாள். அந்த மரியாதைக்கே இரண்டு பேருக்கும் தாடை வலித்துவிட்டது.

இவர் வாசலில் நின்று, "இன்னைக்கு அந்தப் பேச்சு வேணாமே. ஒடம்பு சரியாகட்டும்" என்றார். இரண்டு பேரும் தலையை ஆட்டினோம். எனக்கு ஓர் ஆறுதல். தள்ளிப்போனவரை லாபம்.

சாயங்காலம் மிளகு உள்ளே வந்தாள். அப்பா இழைத்துக் கொடுத்த சுக்கும் மஞ்சளும் கிண்ணத்தில், தோளில் ஈரத்துணி. "எனக்கு வந்து போயிடுச்சு. இனிமே எனக்கு வராது. அதனால நான்தான் போடுவேன்" என்றாள், டாக்டருக்கு டாக்டராக. கிண்ணத்தோடு கட்டிலுக்கும் மெத்தைக்கும் நடுவில் நின்றாள். யாருக்கு முதலில் என்று யோசிக்கிறாள் போல.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், நான் மோவாயைத் தூக்கினேன். கீழே பார்த்தால் அவளும் தூக்கியிருந்தாள். கடை நடத்துகிறவளும் கிளினிக் நடத்துகிறவளும், ஓர் எட்டு வயசுப் பிள்ளை முன்னால் கழுத்தை நீட்டிக்கொண்டு.

பிள்ளை என்னிடம் வந்தாள்.

எனக்கு முதலில்! மணிக்கட்டில் ஒரு சொட்டு வைத்துச் சூடு பார்த்தாள். சின்ன விரலால் காதுக்குப் பின்னாலிருந்து தாடை வரைக்கும் மெதுவாக இழுத்தாள், ஓரிடம் விடாமல், நாக்கைத் துருத்திக்கொண்டு. அந்த விரல் பட்டபோது காய்ச்சலையும் வலியையும் நான் மறந்தேன். அவள் கீழே படுத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பதை மட்டும் மறக்கவில்லை. பார்க்கட்டும். நன்றாகப் பார்க்கட்டும் என்று இருந்தது.

"காயற வரைக்கும் பேசக் கூடாது சித்தி. பேசினா வெடிச்சிடும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை கீழே உட்கார்ந்தாள். அம்மாவின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். பாதி போட்டுக்கொண்டிருக்கும்போது கேட்டாள்.

"அம்மா, ஊர்ல உங்களுக்கு யாரு போடுவாங்க?"

"யாரும் இல்லம்மா. நானே போட்டுக்குவேன்."

"காதுக்குப் பின்னாடி எப்படிப் போடுவீங்க?"

"கண்ணாடி பாத்துப் போட்டுக்குவேன்."

பிள்ளை விரலை நிறுத்தினாள். "கண்ணாடியில காதுக்குப் பின்னாடி தெரியாதே."

பிள்ளை கொஞ்ச நேரம் அந்தக் காதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மறுபடியும் விரலைக் கிண்ணத்தில் தொட்டுக்கொண்டு, மிகச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அப்ப நான் உங்ககூட வர்றேன். சித்திக்கு அப்பா இருக்காரு."

யாரும் கேட்கவில்லை. யாரும் நடுவில் உட்காரவைக்கவில்லை. கேள்வியே இல்லாமல் பதில் வந்துவிட்டது. அந்த அம்மா பிள்ளையின் மடியிலிருந்து என்னை அண்ணாந்து பார்த்தாள். ஜெயித்தவள் பார்க்கிற பார்வை இல்லை. பயந்துபோயிருந்தாள், நான் ஏதாவது சொல்லி இதைக் கலைத்துவிடுவேனோ என்று.

கலைக்கத்தான் பார்த்தேன். அப்பாவுக்குக் கை நடுங்கும், அப்பாவுக்குச் சூடு பார்க்கத் தெரியாது, ராத்திரி யார் உனக்குக் கதை சொல்லுவார்கள், உன் யூனிஃபார்மை யார் வெளுப்பார்கள், எல்லாம் ஒன்றாக வாய்க்கு வந்தது. வாயைத் திறந்தேன். கன்னத்தில் பற்று பட்டென்று வெடித்தது.

"சித்தி! பேசக் கூடாதுன்னு சொன்னேன்ல!"

ஓடிவந்து, வெடித்த இடத்தில் தண்ணீர் தொட்டு விரலால் ஒட்டினாள். ஒட்டி முடித்து, சரியாக இருக்கிறதா என்று தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, மறுபடி அங்கே போய்விட்டாள். இவர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். என் பக்கம் பார்த்து, நான் இருக்கிறேன் என்கிற மாதிரி தலையசைத்தார். இருக்கிறார். அதுதானே பிரச்சினை.

அவளுடைய படிப்பைப் பார்த்து எரிந்திருக்கிறேன், மிருதுவான கையைப் பார்த்து எரிந்திருக்கிறேன், பெற்றவள் என்கிற அந்த ஒரு சொல்லைக் கேட்டு எரிந்திருக்கிறேன். அன்றைக்குப் பட்ட பொறாமைக்கு முன்னால் அதெல்லாம் ஒன்றுமே இல்லை. கட்டிலில் அசையாமல் படுத்துக்கொண்டு, பற்று வெடிக்காமல் கண்ணீரை மட்டும் காதுப்பக்கம் இறங்கவிட்டு, காதுக்குப் பின்னால் மருந்து போட ஆளில்லாதவளாக நான் இருந்திருக்கக் கூடாதா என்று அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.